ஸ்பூன் படாத டீ

பொற்கொடியின் சேலைக்கு எறும்பு வரும். காயப்போட்டால் கயிறு வழியாக வரிசை கட்டி வரும். துவைக்காமல் மூலையில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் சேலை தானாக நகர்வதுபோல் இருக்கும். கருமத்தம்பட்டியைத் தாண்டி அவினாசி ரோட்டோரம் இருந்த பிஸ்கட் கம்பெனியில் அவள் சர்க்கரை அரைக்கிற மிஷினைப் பார்த்துக்கொண்டாள். மூட்டையைப் பிரித்து மிஷினின் வாயில் கொட்டுவது, கீழே வரும் பொடியைச் சலிப்பது, சலித்ததை மாவு பிசைகிற இடத்துக்கு அனுப்புவது. ஏழு வருஷமாக இதுதான் வேலை. தலைக்கும் மூக்குக்கும் துணி கட்டியிருந்தாலும் பொழுதோடு வீடு திரும்பும்போது புருவம் நரைத்திருக்கும். உதட்டை நக்கினால் இனிக்கும். அந்த இனிப்பு முதல் மாதத்திலேயே சலித்துவிட்டது.

பிறந்தது அன்னூர்ப் பக்கம். ஐந்தாவது வரை படித்தாள். ஆறாவதுக்குப் பதிலாகக் கடலைக்காடு. கருப்புசாமிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது இருபது வயது. கருப்புசாமி, காலனி ஆட்கள் பண்ணாடி என்று கூப்பிடுகிற வேங்கடசாமிக் கவுண்டரின் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவன். அவனுடைய அப்பனும் அந்தத் தோட்டத்துக்கே தண்ணீர் கட்டிச் செத்தவர். வந்த மறுவாரமே பொற்கொடியையும் களை வெட்டக் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷம் போனாள். கம்பெனி திறந்ததும் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"பண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு வேலையை உட்டு நின்னிருக்கலாமுல்ல?" என்றான் கருப்புசாமி.

"சொல்லீட்டுத்தான் நின்னேன்."

"யாருகிட்ட?"

"களைக்கொத்துகிட்ட."

இந்தப் பதில் காலனிக்குள் கொஞ்ச நாள் சுற்றியது. வாய்க்காரி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

மூட்டையை வெளியிலிருந்து தடவியே பரல் பெரிதா சிறிதா என்று சொல்கிற அளவுக்குச் சர்க்கரை அவளுக்குப் பழகியிருந்தது. ஒருமுறை சல்லடை கிழிந்தது தெரியாமல் ஒரு பொழுது முழுக்கச் சலித்துவிட்டாள். அன்றைய கிரீம் பிஸ்கட் மணலைக் கடித்தமாதிரி நறநறத்தது. சூப்பர்வைசர் ஜெரோம் ஒரு பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, ரோடு போட வெச்சிருந்த ஜல்லியா?"

"அதே சக்கரைதானுங்களே சார். வாயிக்குள்ள போனாக் கரையாதுங்களா?"

"கரையும். அதுக்குள்ள தின்னவன் துப்பீருவான்."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளே சோதித்துப் பார்த்தாள். இரண்டு டம்ளரில் தண்ணீர். ஒன்றில் மூட்டையிலிருந்து எடுத்த பரல். இன்னொன்றில் மிஷினிலிருந்து எடுத்த பொடி. இரண்டையும் தராசில் ஒரே அளவாக நிறுத்திருந்தாள். பொடியை விரல் நுனியால் தூவினாள், பரலைப் போட்டாள், கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். முப்பது எண்ணுவதற்குள் பொடி இருந்த இடம் தெரியவில்லை. பரல் அடியில் கிடந்தது. இருநூறு வரை எண்ணினாள். சோறு தின்றாள், தூக்குப்போசியைக் கழுவினாள். அப்போதும் கிடந்தது, ஓரம் மட்டும் மழுங்கி.

அதே சர்க்கரை, அதே எடை. பிறகு என்ன வித்தியாசம் என்று மிஷின் ஓடும்போதெல்லாம் யோசித்தாள். தண்ணீருக்குப் பல் கிடையாது. கடித்து உள்ளே போகத் தெரியாது, மேலே மேலே நக்கத்தான் தெரியும். ஒரு கல்லை இரண்டாக உடைத்தால் உள்ளே ஒளிந்திருந்த இரண்டு முகம் வெளியே வருகிறது. நாலாக உடைத்தால் இன்னும் வருகிறது. மாவாக்கிவிட்டால் ஒளிந்துகொள்ள உள்பக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. உடைக்க மாட்டேன் என்றால் கலக்க வேண்டும். கல்லைச் சுற்றி இனிப்பேறி நிற்கிற தண்ணீர் விலகினால்தான் புதுத் தண்ணீர் வந்து நக்கும். உடை, இல்லாவிட்டால் கலக்கு. இரண்டும் செய்யாவிட்டால் அடியில்தான் கிடக்கும்.

இது புரிந்த பிறகுதான் தம்பிதுரை கடை டீ அவளுக்குத் தொண்டையில் நின்றது.

தம்பிதுரையின் டீக்கடை பஸ் நிற்கிற முக்கில் இருந்தது. காலனிக்குப் போகிற மண்பாதை அங்கேதான் பிரியும். காலனி ஆட்களுக்கென்று கடையின் பின்சுவரில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். அதில் பதினாலு கிளாஸ். வருகிறவர் ஒன்றை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசி, கொண்டுவந்து மேடையின் ஓரத்தில் வைக்க வேண்டும். தம்பிதுரை அந்தக் கிளாஸைத் தொடமாட்டார். சர்க்கரையை ஒரு முழ உயரத்திலிருந்து போடுவார். டீயையும் அதே உயரத்திலிருந்து நூலாக ஊற்றுவார். முன்பக்கம் பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஆற்றி, தண்ணீர்ச் சொம்பிலிருந்து ஸ்பூனை எடுத்துக் கலக்கித் தருவார். பலகைக் கிளாஸில் அந்த ஸ்பூன் படக் கூடாது. குடித்தவர் குடித்த கிளாஸைக் கழுவித் திரும்பப் பலகையில் கவிழ்க்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. அதனாலேயே யாரும் அதை அழிக்கவும் இல்லை.

தம்பிதுரை வாங்குவது பெரிய பரல் சர்க்கரை. நூலாக இறங்குகிற டீ கிளாஸுக்கு வருவதற்குள் பாதி ஆறியிருக்கும். சர்க்கரை அடியில் தங்கிவிடும். முதல் மடக்குகள் கசக்கும், கடைசி மடக்கு பாகு. சிலர் கிளாஸைச் சுழற்றிப் பார்ப்பார்கள், சிலர் வேப்பங்குச்சியால் கிண்டுவார்கள், சிலர் குடித்து முடித்து விரலை விட்டு வழித்து நக்குவார்கள். பக்கத்து வீட்டு மாரியாத்தாள், "நமக்கென்ன, டீயும் குடிச்சாப்பல, முட்டாயும் தின்னாப்பல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பொற்கொடியும் பல வருஷம் சிரித்தவள்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம், தை கழிந்த ஒரு காலையில் அவள் முந்தானையில் ஒரு முடிச்சோடு கடைக்கு வந்தாள். மிஷினடியில் சிந்துகிற பொடியை வாரத்துக்கு ஒரு பொட்டலம் வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் முடிச்சு.

"சக்கரை இல்லாம ஊத்துங்க கவுண்டரே."

"ஏம்புள்ள, சக்கரை வியாதியா?"

"இல்லீங்க. கைச்சக்கரை இருக்குதுங்க."

டீ வந்ததும் முடிச்சை அவிழ்த்துத் தூவினாள். கிளாஸைத் தூக்கி வாயில் வைப்பதற்குள் கரைந்திருந்தது. முதல் மடக்கே இனித்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாரியாத்தாள் கை நீட்டினாள். பிறகு இன்னும் நாலு பேர். கருப்புசாமி ஒரு கை நிறைய அள்ளி மொத்தமாகப் போட்டான். அது பந்தாகச் சுருண்டு மேலே மிதந்தது. விரலால் அமுக்கினான். உடைந்தது; உள்ளே காய்ந்த மாவு.

"களிக்கு மாவு போடறவன் மாதிரி கொட்டீட்டயே மாமா," என்றாள் பொற்கொடி. "எல்லாம் ஒட்டுக்கா ஒண்ணையொண்ணு கட்டிப் புடிச்சுட்டா உள்ள இருக்கறதுக்குத் தண்ணி எப்படிப் போவும்? தூவோணும்."

"கல்லுன்னாலும் கரைய மாட்டீங்குது, மாவுன்னாலும் கரைய மாட்டீங்குது. நான் குடிக்கறதுக்கே பொறக்கல போலிருக்குது," என்றான் அவன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தம்பிதுரை எட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. லொள்ளு பேசுவார், காலனிக் குழந்தைகளுக்கு உடைந்த முறுக்கை வீசுவார், சாவு என்றால் கடையை அரைநாள் மூடுவார். ஆனால் கடைச் சர்க்கரையைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்.

"ஏம்புள்ள, என்ர சக்கரைக்கு என்ன கேடு வந்துபோச்சு?"

"சக்கரைக்கு ஒரு கேடும் இல்லீங்க," என்றாள் பொற்கொடி. "அது அடியிலேயே கெடக்குதுங்க. ஸ்பூன் போட்டீங்கன்னாக் கரைஞ்சு போயிருமுங்க."

முன்பெஞ்சில் பேப்பர் திரும்புகிற சத்தம் நின்றது. அவள் மரியாதையில் ஒரு ‘ங்க’கூடக் குறைக்கவில்லை. அதனால் தம்பிதுரைக்கு உடனே கோபப்படவும் முடியவில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மாரியாத்தாள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, வாயி சும்மா இருக்காதா உனக்கு?"

"சும்மாதான் இருந்துது. கசந்துது."

ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தம்பிதுரை கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு பெருமை. மேடையில் ஒரு புது டப்பா, மூடியில் சிவப்புப் பெயின்ட் பொட்டு.

"வா புள்ள. நீ சொன்னதை ரோசனை பண்ணிப் பாத்தேன். மாவு மில்லுல குடுத்துத் தூளாத் திரிச்சுக்கிட்டு வந்துட்டேன். உங்க ஆளுகளுக்கு இனி இந்தச் சக்கரைதான். போட்டாப் போதும், கலக்கவே வேண்டியதில்ல. ஸ்பூனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கும் இனிப்பாச்சு, எனக்கும் சங்கட்டமில்ல."

பின்பக்கம் நின்றவர்களுக்குச் சந்தோஷம். வயசான ஒருவர் கும்பிடவே கும்பிட்டார். கருப்புசாமி முதல் ஆளாகக் கிளாஸை நீட்டினான். தம்பிதுரை சிவப்புப் பொட்டு டப்பாவைத் திறந்து, உயரத்திலிருந்து தூவி, நூலாக ஊற்றினார். கருப்புசாமி ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். நீ ஜெயித்துவிட்டாய் என்பதுபோல.

பொற்கொடி அந்த டப்பாவையே பார்த்தாள். அவளுடைய பொடி. ஒரு முகமும் விடாமல் உடைத்து, தானாகவே கரையும்படி மாவாக்கினது. கலக்குகிற வேலை ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் வேண்டாததாக்கி, ஸ்பூன் சொம்பிலேயே கிடக்க அவளே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு இது வேண்டாமுங்க."

"ஏன்? நீ கேட்டதுதான?"

"நான் தூள் கேக்கலீங்க. ஸ்பூனுதானுங்க கேட்டேன்." அவள் முன்பக்க டப்பாவைக் காட்டினாள். "தனிக் கிளாஸு, தனிப் பலகை, இப்பத் தனிச் சக்கரைங்களா? அவங்களுக்குப் போடற சக்கரையே எனக்கும் போடுங்க. போட்டு, அவங்களுக்குக் கலக்கறாப்பலயே கலக்கிக் குடுங்க."

"அது எப்படி ஆகும்?"

"ஸ்பூனை உள்ள உட்டு நாலு சுத்து சுத்தினா ஆகுமுங்க."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். தம்பிதுரையின் காது சிவந்தது. முன்பக்கச் சர்க்கரையை அள்ளி அவள் கிளாஸில் போட்டார். டீயை ஊற்றினார். ஸ்பூனைத் தொடவில்லை. "இந்தா. குடிச்சாக் குடி, குடிக்காட்டிப் போ."

பொற்கொடி காசை வைத்தாள். கிளாஸை எடுத்துக்கொண்டு போய், பின்பக்கத் திண்டில் வைத்தாள். அடியில் சர்க்கரை வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தொடாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், கிளாஸைக் கழுவி வெச்சுட்டுப் போ!"

அவள் திரும்பினாள். "குடிச்சவங்க கழுவோணுமுங்கறதுதானுங்க மொறை. நான் குடிக்கலீங்களே."

அது யாரும் யோசித்திராத இடம். குடித்தால் அவளுடைய எச்சில். அவள் கழுவ வேண்டும். குடிக்காவிட்டால் யாருடையது? முன்பெஞ்சுக்காரர்கள் தொடமாட்டார்கள். தம்பிதுரை தொடக் கூடாது. காலனி ஆட்களில் யாராவது கழுவிவிட்டால் தீர்ந்தது. தம்பிதுரை மாரியாத்தாளைப் பார்த்தார். மாரியாத்தாள் வானத்தைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பொற்கொடி இரண்டாவது கிளாஸை எடுத்தாள். கலக்கித் தரச் சொன்னாள். கலக்கவில்லை. காசை வைத்தாள், முதல் கிளாஸுக்குப் பக்கத்தில் இதையும் வைத்தாள், போனாள். புதன்கிழமை மூன்றாவது. முதல் கிளாஸில் ஆடை கட்டிச் சுருங்கி, எறும்பு ஏறியிருந்தது.

கம்பெனியில் ஜெரோம் விஷயத்தைக் கேள்விப்பட்டு மிஷின் அருகே வந்தார். "இது கேஸும்மா. தீண்டாமைக் கேஸு. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துல எனக்கொரு வக்கீல் தெரியும். எழுதிக் குடுத்தாப் போதும்."

"கேஸு போட்டா ஸ்பூன் வருங்களா சார்?"

"கடையை மூட வெச்சிரலாம்."

"கடையை மூடீட்டா நான் எங்கீங்க டீ குடிக்கறது?"

"இங்க குடிக்கறயல்லம்மா? தினம் ரெண்டு வேளை. நல்லாக் கலக்கித்தான தர்றாங்க?"

"இது கம்பெனி டீங்க சார். எங்கூரு டீயை எங்கூருல குடிக்கோணுமுங்க." சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

வியாழக்கிழமை வேங்கடசாமிக் கவுண்டர் டீ குடிக்க வந்தார். பின்பக்கம் வரிசையாக இருந்த நாலு கிளாஸையும், அவற்றின் மேல் மொய்த்த ஈயையும் பார்த்தார். தம்பிதுரை நடந்ததைச் சொன்னார். கவுண்டர் தோட்டத்துக்குப் போய்க் கருப்புசாமியைக் கூப்பிட்டார். "உன்ர பொண்டாட்டியை ஒழுங்கா டீ குடிக்கச் சொல்லு. இல்லீன்னா நீ எனக்குத் தண்ணி கட்ட வேண்டாம்."

அன்று பொழுதோடு அவள் வீட்டுக்கு வந்தபோது கருப்புசாமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு ஸ்பூனு. ஒரு இத்தினிக்கூண்டு ஸ்பூனுக்காக என்ர சோத்துல மண்ணைப் போடப் பாக்கறயா? அந்த மனுசன் தூளாத் திரிச்சே குடுத்துட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"உனக்குத் தூளு போதும்னா நீ குடி. நான் தடுக்கறனா?"

"பண்ணாடி என்னைய நிக்கச் சொல்லிப்போட்டாரு. நாளைக்கு நீ கழுவி வெச்சாத்தான் எனக்கு வேலை."

"அவரு தோட்டத்துல தண்ணி கட்டறது பத்தாதுன்னு ஊட்டுல வந்தும் அவருக்கே கட்டறயா மாமா?"

அவன் கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. அவள் நகரவில்லை. புருவத்தில் பொடி வெள்ளையாக இருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டு அவன் கேட்டான், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவனைப்போல: "அந்த ஸ்பூனு பட்டா உனக்கு என்னதான் ஆயிரும்?"

பொற்கொடி தலைத்துணியை அவிழ்த்து உதறினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். "ஸ்பூனுக்கும் ஒண்ணும் ஆகாது. அதை அந்தாளு பாக்கோணும்."

வெள்ளிக்கிழமை ஐந்தாவது கிளாஸ். அன்று மத்தியானம் கருப்புசாமி தோட்டத்துக்குப் போகும் வழியிலேயே கவுண்டரின் மகன் மறித்து, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார் என்றான். அவ்வளவுதான். கருப்புசாமியின் அப்பனுக்கும் அவனுக்குமாகச் சேர்த்து அந்தத் தோட்டத்தில் நாற்பது வருஷம். முந்தின நாள் சேறு காய்ந்திருந்த மண்வெட்டியை வாய்க்காலில் கழுவிக்கொண்டு திரும்பினான்.

சனிக்கிழமை காலையில் அவள் கிளாஸை அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு கை வந்து பலகையிலிருந்து கிளாஸை எடுத்தது. கருப்புசாமி. அவனும் அதை அலசினான். மேடை ஓரத்தில் கிளாஸை வைத்தான்.

"உனக்குத் தூளுதான?" என்று சிவப்புப் பொட்டு டப்பாவைத் திறந்தார் தம்பிதுரை.

"கல்லுங்க," என்றான் கருப்புசாமி. "கலக்கிக் குடுங்க."

கலக்காமல் வந்த டீயைக் கொண்டுபோய் அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தான். அங்கேயே நின்றுகொண்டான். மாரியாத்தாள் அதைப் பார்த்தாள். "வேலை போனவனே ஸ்டைலா நிக்கறான், எனக்கென்ன கேடு" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒரு கிளாஸ் எடுத்தாள். வாங்கின டீயை அவள் கீழே வைத்த விதமே தனி. ஏதோ சாமிக்குப் படைப்பதுபோல இரண்டு கையாலும் வைத்து, அதற்கு ஒரு கும்பிடும் போட்டாள். "கும்பிட்டுக்கறேன் சாமி. ஸ்பூன் வந்ததும் குடிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பதினாலு கிளாஸும் திண்டில் இருந்தன. எல்லாவற்றிலும் டீ, எல்லாவற்றின் அடியிலும் சர்க்கரை. பலகை காலி. ஈ முன்பக்கத்துக்கும் வந்துவிட்டது. தறிப்பட்டறை வைத்திருந்த பாலகோபால், தினம் நாலு தடவை டீ குடிக்கிறவர், தன் கிளாஸிலிருந்து ஒரு ஈயை எடுத்துச் சுண்டினார்.

"தம்பிதுரை, ஒண்ணு அதையக் கழுவு, இல்லாட்டி இதையக் கலக்கு. உங்க ரெண்டு பேரு ஞாயம் எனக்கு வேண்டாம். எனக்கு ஈ உழுகாத டீ வேணும்."

தம்பிதுரை ஒரு நீளக் குச்சியைக் கொண்டுவந்தார். தூர நின்று கிளாஸ்களைக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு உருண்டு விழுந்து உடைந்தன. மூன்றாவதைத் தட்டும்போது டீ அவர் வேட்டியிலேயே தெறித்தது. முன்பெஞ்சே சிரித்தது. குச்சியை எறிந்துவிட்டுக் கடையைச் சாத்தினார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடை திறக்கவில்லை. திறக்காத கடைக்கு முன்னால் பொற்கொடி இரண்டு காலையும் வந்து நின்று, பஸ் வந்ததும் ஏறினாள். கருப்புசாமி சோமனூர்ப் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் நூல் பாவு தூக்கும் வேலை கேட்டுப் போயிருந்தான். கிடைக்கவில்லை. மறுநாளும் போனான்.

புதன்கிழமை கடை திறந்திருந்தது. அவள் வரும்போது தம்பிதுரை பின்பக்கம் தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துக் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கிளாஸ். ஒவ்வொன்றாகக் கையை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டு நிக்காத புள்ள."

"நான் பாக்கலீங்க. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

எல்லாவற்றையும் அவரே பலகையில் கவிழ்த்தார். ஒன்றை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். பெஞ்சில் பாலகோபாலும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். பெரிய பரல் சர்க்கரை இரண்டு கரண்டி. இந்த முறை நூலாக ஊற்றவில்லை. பிறகு சொம்பிலிருந்து ஸ்பூனை எடுத்தார். எடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஸ்பூனிலிருந்து தண்ணீர் மேடையில் சொட்டியது.

ஸ்பூனை உள்ளே விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியில் உலோகம் படுகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் நின்ற கருப்புசாமியும் மாரியாத்தாளும் மற்றவர்களும் அதைக் கேட்டார்கள்.

"போச்சா? திருப்திதான?" என்று கிளாஸை நகர்த்தினார்.

பொற்கொடி எடுத்துக் குடித்தாள். ஒரு மடக்கு. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கி அடியைப் பார்த்தாள். பின்சுவரில் பலகை அப்படியேதான் இருந்தது. அதில் அதே கிளாஸ்கள்தான் கவிழ்ந்திருந்தன. அது அவளுக்கும் தெரிந்தது. அதை இன்றைக்கு அவள் பேசப்போவதில்லை. கிளாஸை மேடையில், அவருக்கு நேராக வைத்தாள்.

"இன்னும் கரையலீங்க."

"என்னது?"

"பரல் பெருசுங்க. ரெண்டு சுத்துப் பத்தாதுங்க. இன்னும் நாலு சுத்து சுத்தோணுமுங்க."

தம்பிதுரை கிளாஸைப் பார்த்தார். அதில் ஒரு மடக்குக் குறைந்திருந்தது. இப்போது அது அவள் வாய் வைத்த டீ. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. பெஞ்சில் பாலகோபால் பேப்பரைக் கீழே இறக்கினார்.

ரோட்டில் அவளுடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"பஸ்ஸு வந்துருச்சு, போ புள்ள," என்றார் தம்பிதுரை. குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"போகட்டுங்க," என்றாள் பொற்கொடி. "அடுத்த பஸ்ஸு ஏழேகாலுக்கு. நீங்க கலக்குங்க."

பஸ் போயிற்று. தூசி அடங்கியது. தம்பிதுரை ஸ்பூனை எடுத்து உள்ளே விட்டார்.

அவள் ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள்.